முழங்காலில் நின்ற கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள், புகையின் நிறத்தைப் பார்ப்பார்கள், ஓடிய தூரத்தைப் பார்ப்பார்கள். நானும் என் மச்சினனும் காருக்குள் விரித்திருந்த கார்ப்பெட்டை முகர்ந்து பார்த்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நல்ல காரணம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறார்கள்.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கண்டி டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை. வீடு அலவத்துகொடப் பக்கம், மேட்டில். பள்ளி விட்டு அவள் தரிப்பிடத்துக்கு வரும்போது மாத்தளை பஸ் கதவு வரைக்கும் நிரம்பியிருக்கும். வருடக்கணக்காக நின்றுகொண்டேதான் வீடு வந்தாள். பஸ்ஸில் பழைய மாணவர்கள் யாராவது இருப்பார்கள், டீச்சரைக் கண்டதும் எழும்புவார்கள். "உக்காரு" என்பாள். அந்தக் குரலுக்கு அவர்கள் பத்தாம் வகுப்பிலேயே பழகியவர்கள். உடனே உட்கார்ந்துவிடுவார்கள். இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்குறணை தாண்டி வந்து சேருவாள். வந்ததும் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கொப்பிகளைத் திருத்துவாள். என் மோட்டார் சைக்கிளில் ஏற மாட்டாள், பயம். எனக்கும் பயம்தான். ஆனால் அதைச் சொன்னதில்லை.

எங்கள் பக்கப் பள்ளிக்கூடங்களில் ஓய்வு பெறும் ஆசிரியரை அப்படியே அனுப்பிவிட மாட்டார்கள். மாலை போட்டு, பேசிப் பேசிக் களைத்து, பேண்ட் வாத்தியத்துடன் வாசல் வரை கூட்டிவந்து, சோடித்த வாகனத்தில் ஏற்றி, கூட வேலை செய்தவர்கள் பின்னால் ஒரு வேனில் வீடு வரைக்கும் வந்து, தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அவளுடைய முறை அடுத்த வருடம் வரப்போகிறது என்று தெரிந்த நாளில் நான் தீர்மானித்தேன். கடைசி நாளிலாவது இவள் உட்கார்ந்து வீடு வர வேண்டும். வாடகைக் காரில் இல்லை, சொந்தக் காரில். அதுவும் நல்ல சீட் உள்ள காரில்.

வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. இருக்கிற பழைய கார்கள் எல்லாம் திடீரென்று மரியாதை பெற்றுவிட்டன. சின்னக் காருக்குக் கேட்ட விலையில், வயதான பெரிய ஜெர்மன் கார் ஒன்று அக்குறணையில் நிற்பதாக மச்சினன் தகவல் கொண்டுவந்தான். அவள் தம்பி அவன், தோட்டத்து லொறி ஓட்டுகிறவன். கார் விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் கார் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

போகும் வழியிலேயே அவன் எச்சரித்தான். "அத்தான், அக்குறணையில கார் எடுக்கிறதுன்னா ஒண்ணுதான் பாக்கணும். தண்ணியில முழுகினதான்னு பாக்கணும். மத்தது எல்லாம் சில்லறை."

அது உண்மைதான். மழை கொட்டினால் அக்குறணை டவுனுக்குள் ஆறு வந்துவிடும். கடைக்காரர்கள் துணிக்கட்டுகளை மேல் மாடிக்குத் தூக்குவார்கள். கார்களை யாரும் மேல் மாடிக்குத் தூக்க முடியாது. அதனால் அங்கே பழைய கார் பார்க்கிறவன் முதலில் குனிந்து முகர வேண்டும். நாங்கள் முகர்ந்தோம். முன்பக்கம், பின்பக்கம், சீட்டுக்கு அடியில், டிக்கியில் ஸ்பெயார் டயர் கிடக்கும் குழியில். மச்சினன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அதையும் முகர்ந்தான். சேறு இல்லை, வாடை இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பரீட்சை பாஸ் பண்ணிய சந்தோஷம்.

கார்க்காரர் வயதான முஸ்லிம் வியாபாரி. நாங்கள் முகர்ந்து முடிக்கும் வரை பொறுமையாக நின்றார்.

"நானா, கார்ல வேற ஏதும் பிழை ஈக்கா?" என்று, 'இருக்கா'வை 'ஈக்கா' ஆக்கி, அவர்கள் பேசும் தமிழிலேயே கேட்டேன்.

"என்ன சேர் பிழை? ஜெர்மனில செஞ்சது, ஜப்பான்ல ஓடினது, இங்க வந்து சும்மா நின்டது. இப்ப ஒரு சாமான் காட்றன், பாருங்க." கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானை அமத்தினார். கார் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு மேலே எழும்பியது. மச்சினன் பின்னால் நகர்ந்துவிட்டான். "காத்துல நிக்கிற கார், சேர். ஸ்பிரிங் இல்ல, காத்துப் பை. வெள்ளம் வந்தா அமத்துங்க, கார் எழும்பி நிக்கும்."

அக்குறணையில், வெள்ளத்தைப் பார்த்தால் தானாக எழும்பி நிற்கும் கார்! எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதை செங்குத்து, நீளமான கார் வயிறு தட்டும் என்று எனக்கு ஒரு கவலை இருந்தது. அதுவும் பறந்துவிட்டது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் வைக்கத் தனியாக ஒரு மெத்தைப் பலகை இருந்தது. அதில் காலை வைத்தபோது அவளுடைய வீங்கிய கால்தான் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன். திறந்தபோது மச்சினன் விலை பேசி முடித்து, தேநீரும் குடித்துவிட்டிருந்தான். எஞ்சினை யாரும் திறக்கவில்லை.

மறுநாள் காலை எழுந்து வாசலுக்கு வந்தால் கார் முன்னங்காலை மடித்துக்கொண்டு கிடந்தது. டயர் பஞ்சர் என்று நினைத்தேன். டயர் நன்றாக இருந்தது. கார்தான் டயருக்குள் இறங்கியிருந்தது. சாவியைப் போட்டதும் காருக்குள்ளிருந்து ஒரு ஜப்பான் பெண் குரல் மிக மரியாதையாக எதையோ சொன்னது, கார் பெருமூச்சு விட்டு எழும்பியது.

"என்ன சொல்லுது?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியல்ல. வணக்கம் சொல்லுதுன்னு நினைக்கிறேன்."

"காரு இப்படிக் கிடக்கும்போது வணக்கமா சொல்லும்? மன்னிப்புக் கேக்குது" என்றாள் அவள்.

அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்க நிறையக் காரியங்கள் வந்தன. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் டிக்கி தானாகத் திறந்துகொண்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர், கார் நின்றுவிட்டது, தள்ளிவிட வேண்டும் என்று நினைத்துத் தன் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கினார். நல்ல வெயிலில் வைப்பர் ஆடியது, மழையில் ஆட மறுத்தது. வலதுபக்கப் பின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. ஏற்றுவதற்காகப் பொத்தானை அமத்தினால் டிரைவர் சீட் பின்னால் போனது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளுக்கு மச்சினன் கறுப்பு டேப் ஒட்டினான். "எரியிறது தெரியாட்டி மனசுக்கு நிம்மதி அத்தான்" என்றான். லொறியிலும் அப்படித்தான் செய்வானாம்.

கராஜ்காரர் சிங்களவர், நல்ல மனுஷர். கம்ப்யூட்டர் மெஷினைக் கொண்டுவந்து வயரைக் காருக்குள் குத்தினார். நெடுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்தயா, மெஷின் சொல்றது, இங்க கார் இல்ல."

"இந்தா நிக்குதே!"

"நான் பாக்குறது. மெஷின் பாக்கல்ல."

காற்றுப் பைகள் வெடித்துக் கசிகின்றன, காற்றடிக்கும் பம்ப் அதற்கு ஈடு கொடுத்து ஓய்ந்துபோய்விட்டது, இந்த வயதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் வருவதுதான் என்று கடைசியில் அவர் கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னார். புதுச் சாமான் வர வழி இல்லை. பழையதில் ரப்பர் ஒட்டிக் கொடுத்தார். "எஞ்சின் ஓடினா நிக்கும். எஞ்சின் நிப்பாட்டினா..." என்று உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டினார். சாமான் வராத காலத்தில் அவரும் வேறு என்னதான் செய்வார்.

இத்தனைக்கும் மனைவி காரில் ஏறவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில்தான் போய் வந்தாள். "பிரியாவிடை அன்னைக்கு ஏறுறேன். அதுவரைக்கும் அத உசுரோட வச்சிருங்க" என்றாள். இதில் கிண்டல் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. ஆனால் ஒருநாள் அவள் கதவைத் திறந்து, பின் சீட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடியதைச் சமையலறை ஜன்னலால் கண்டேன். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த நாள் வந்தது. கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கி, சாமந்தி மாலை போட்டு, நிமிர்ந்த காரைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். எஞ்சினை நிறுத்தவில்லை. பிரியாவிடை முற்றத்திலேயே நடந்தது, மேடைக்கும் காருக்கும் நடுவில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அதிபர் மைக்கைப் பிடித்தார். பம்ப் கர்ரென்று முனகியது. அதிபர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் புரியாதது போல வேறு பக்கம் பார்த்தேன். "கார்ச் சொந்தக்காரர் தயவுசெய்து எஞ்சினை நிறுத்தவும்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். இனி என்ன செய்ய, நிறுத்தினேன்.

அதன் பிறகு பேச்சுகளில் ஒரு சொல்கூட என் காதில் ஏறவில்லை. டயருக்கும் அதற்கு மேலுள்ள தகரத்துக்கும் இடையில் நான்கு விரல் இருந்தது. உப அதிபர் பேசி முடித்தபோது மூன்று விரல். பெற்றோர் சங்கத்துக்காரர் "இறுதியாக ஒன்று" என்றார், அதற்குப் பிறகும் பல இறுதிகள் இருந்தன. மச்சினன் காரில் சாய்ந்து நிற்பது போல நடித்துக்கொண்டு, தோளால் அதைத் தூக்கிப் பிடித்திருந்தான். லொறிக்காரன் தோள்தான், ஆனாலும் ஜெர்மன் காரை அது தாங்குமா?

மாலையும் கழுத்துமாக அவள் காரை நோக்கி வந்தாள். பேண்ட் முழங்கியது. அவள் பக்கத்தில் வந்ததும் கார் "உஸ்ஸ்" என்று நீளமாக மூச்சு விட்டு, முன்பக்கம் முழுவதையும் இறக்கித் தரையோடு தாழ்ந்தது. அதிபருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கில் சொன்னார்: "பிள்ளைகளே, பாருங்கள்! கார்கூட நம் ஆசிரியைக்குத் தலைவணங்குகிறது!"

கைதட்டல் வானைப் பிளந்தது. அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "தலை வணங்கல்ல சேர், டீச்சர் காரையும் முழங்கால்ல நிப்பாட்டிட்டாங்க!" முழுப் பள்ளிக்கூடமும் சிரித்தது. என் மனைவி திரும்பிக் கண்டிப்பாக ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சாவியைப் போட்டேன். ஜப்பான் பெண் மன்னிப்புக் கேட்டாள். எஞ்சின் ஓடியது, பம்ப் ஓடவில்லை. மச்சினன் என் பக்கத்தில் இருந்து பொத்தானை விடாமல் அமத்தினான். கார் எழும்பவே இல்லை. நடக்கிற வேகத்தில் போனால் தகரம் டயரில் லேசாகத்தான் உரசியது. அதற்கு மேல் ஒரு சொட்டு வேகம் கொடுத்தாலும் ஆடு கத்துகிற சத்தம்.

வாகனம் புறப்பட்டுப் போகும் வரை பேண்ட் முன்னால் நடக்க வேண்டும், அதுதான் வழக்கம். எங்கள் வாகனமோ பேண்டைத் தாண்டிப் போகிற மாதிரி இல்லை. பேண்ட் பிள்ளைகள் வாசலைக் கடந்தார்கள், பிரதான வீதிக்கு ஏறினார்கள், கொட்டிக்கொண்டே போனார்கள். தெரிந்த மெட்டுகள் தீர்ந்து, தேசிய கீதத்தை ஆரம்பிக்கலாமா என்று யாரோ கேட்டது எனக்கே கேட்டது. அதை வாசித்தால் வீதியில் எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டி வரும் என்று வேனுக்குள்ளிருந்து ஒரு ஆசிரியர் கத்தித் தடுத்தார். எங்களுக்குப் பின்னால் வேன், வேனுக்குப் பின்னால் கண்டியில் உள்ள வாகனங்கள் எல்லாம். ஹோன் சத்தத்தில் பேண்டே கேட்கவில்லை.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுகை வரும்போல் இருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பயணம், அதையும் ஊர் சிரிக்கும்படி ஆக்கிவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் மாத்தளை பஸ் வந்தது. அவள் தினமும் வருகிற அதே பஸ். எங்களைத் தாண்ட முடியாமல் ஒட்டினாற்போல் ஊர்ந்தது. ஜன்னல்களில் எல்லாம் தலைகள். கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு காருக்குள் குனிந்து பார்த்தார். அவருக்கு அவளை நன்றாகத் தெரியும்.

"டீச்சர்! என்ன இது, நடந்தே போயிடலாம் போல ஈக்கி! இறங்கி வாங்க, இன்டைக்கி சீட் ஈக்கி!"

ஏறாத ஜன்னல் கண்ணாடி அவள் பக்கத்துக் கண்ணாடிதான். நான் பிரேக்கில் காலை வைத்தேன், இறங்குவாள் என்று. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மெத்தைப் பலகையில் இரண்டு காலையும் நீட்டி, மடியில் மாலையை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள்.

"நீங்க போங்க தம்பி" என்றாள். "நான் உக்காந்துதான் இருக்கேன்."