ஸ்டெல்லா சிஸ்டரின் தோளில் விழுந்த அடி

செவ்வாய்க்கிழமை காலை தெருவின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த ஒலி கேட்டதும், வழக்கம்போல் முதலில் கதவைத் தாழிட்டேன். பிறகுதான் படித்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் இறந்துவிட்டதாக அவர் மகள் எழுதியிருந்தார்.

அந்தக் குழுவைத் தொடங்கியவரே சிஸ்டர்தான். செவிலியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர். ஒருநாள் பட்டப்பகலில், எதிர்வீட்டு மல்லிகாவின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்ட சிஸ்டர், அன்று மாலையே எங்களை அழைத்துப் பேசினார். என் கணவர் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டால் பகலெல்லாம் நான் தனி. காலிங் பெல் அடித்தால் ஜன்னல் வழியே பார்க்காமல் கதவைத் திறக்க மாட்டேன். ஆளுக்கு இரண்டு மணி நேரம் தெருவைக் கவனிப்பது, சந்தேகம் வந்தால் குழுவில் எழுதுவது என்று முடிவானது. "தனியா பயப்பட வேணாம், சேர்ந்து பயப்படலாம்" என்றார் சிஸ்டர். சிரித்தோம்.

சேர்ந்து பயப்படுவது எப்படியிருக்கும் என்பதை ஒரு கோடை மதியத்தில் கண்டேன். என்னுடைய முறை. பையோடு ஓர் ஆள் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தபடி வந்தான். படமெடுத்து, 'திருடன் போலிருக்கிறது' என்று குழுவில் போட்டேன். சில நிமிடங்களில் தெருவே கூடிவிட்டது. அவன் வாய் திறந்தபோதெல்லாம் ஓர் அடி விழுந்தது. என் கையிலும் ஒரு துடைப்பக் கட்டை இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

சிஸ்டர் உள்ளே புகுந்து அவனை மறைத்துக்கொண்டார். அவர் தோளிலும் ஓர் அடி விழுந்தது. அதன் பிறகே கூட்டம் அடங்கியது. "உன் பேர் இன்னாப்பா? யார் வீட்டுக்கு வந்த?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிகொண்டாவிலிருந்து வாடகை வீடு தேடி வந்தவன். வாசல்களில் 'டு லெட்' பலகை தேடியிருக்கிறான். அவன் உதட்டுக் காயத்தைத் துடைத்தபடி, போலீசில் புகார் கொடுத்தால் தானே சாட்சி சொல்வதாக எங்கள் முன்னாலேயே சொன்னார் சிஸ்டர். அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

குழுவை அவர் கலைக்கவில்லை. என்னிடம் மட்டும், "பயந்தது தப்பில்லம்மா. கேக்காம எழுதுன பாரு, அதான் தப்பு" என்றார்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், சிஸ்டரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும். அவர் தோளில் விழுந்த அடி என்னுடையதா என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். ஒருநாளும் சொன்னதில்லை. திருடர்களைப் பற்றிய பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அவர் விட்டுப்போனது வேறொரு பயம், என் கையைப் பற்றியது. அதை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.