ஜும்மா நேரத்தில் தாமரைக் கோபுரம்

கல்முனையிலிருந்து ஆட்களைக் கொழும்பு பார்க்கக் கூட்டிச் செல்வது பதினெட்டு வருடங்களாக என் தொழில். வெள்ளிக்கிழமை ட்ரிப்புக்கு மாறாத ரூட் ஒன்று வைத்திருந்தேன். காலையில் காலிமுகத்திடல், சுதந்திரச் சதுக்கம், நூதனசாலை. ஜும்மாவுக்குப் புறக்கோட்டை சிவப்புப் பள்ளி. பின்னேரம் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. ஆண்கள் தொழப் போனதும் பெண்கள் பஸ்ஸுக்குள் இருந்து பகல் சோற்றைப் பிரித்து வைப்பார்கள். அதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதேயில்லை.

பக்கத்து ஊரான சாய்ந்தமருது ஆட்களின் ட்ரிப் ஒன்றில், நூதனசாலையை விட்டுப் புறப்பட்டதும், மைக்கில் அடுத்த இடத்தைச் சொன்னேன். தையல் வேலை செய்யும் சித்தி என்ற அக்கா, எல்லாருக்கும் சித்தி ராத்தா, எழுந்து நின்றார்.

"தம்பி, நாலாந்தரம் வாறன். தாமரைக் கோபுரத்தப் பஸ் கண்ணாடியாலதான் பாத்த. இண்டைக்கு ஏறாம ஊருக்கு வரமாட்டன்."

ட்ரிப்புக்குப் பொறுப்பான ஹாஜியார் திரும்பாமலே சொன்னார்: "நேரம் காணாதுகா. கோபுரம் எங்கயும் ஓடாது."

"கோபுரம் ஓடாதுதான். எண்ட முழங்காலும் இனி ஓடாது."

பஸ் முழுக்கச் சிரிப்பு. பள்ளியிலிருந்து, கொழும்பு முழுவதையும் மேலிருந்து காட்டும் அந்தக் கோபுரம் பஸ்ஸில் பத்து நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்து முடிவெடுத்தேன்.

"ஆம்புளயள இறக்கிட்டு, பொம்புளயள நான் கூட்டிட்டுப் போறன், ஹாஜியார்."

"ஒனக்கு ஜும்மா?"

"நான் முசாபிர். பயணக்காரனுக்கு ஜும்மா கடமையில்ல. அதுக்குப் பதிலா பகல் ளுஹர் தொழுவன்."

"சோத்த ஆரு பிரிக்கிற?"

"நீங்க தொழுதிட்டு வந்து பிரிங்க," என்றார் சித்தி ராத்தா.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "ஒண்டேகாலுக்கு பஸ் பள்ளி வாசல்ல நிக்கணும். இல்லாட்டி நம்மட ஊர்ல ஒனக்கு இனி ட்ரிப் இல்ல."

லிஃப்ட்டுக்கு நீண்ட வரிசை. மேலே போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஐம்பது. சித்தி ராத்தா கடலைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிவப்புப் பள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"அந்தா இரிக்கி! நம்மட ஆம்புளயள் அதுக்குள்ள. என்ன சின்னன் பாருங்ககா!"

ஐந்து நிமிடத்தில் இறங்கச் சொன்னேன். "இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்க தம்பி," என்றார். கொடுத்தேன். அது பத்தானது.

பள்ளி வாசலுக்கு வந்தபோது ஒன்று இருபத்தைந்து. ஹாஜியார் வெயிலில் நின்றார். என்னை முந்தி சித்தி ராத்தா இறங்கினார்.

"ஏசிறதெண்டா எனக்கு ஏசுங்க."

ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மேலால என்ன தெரிஞ்சிச்சி?"

"நீங்க வெயில்ல காஞ்சிக்கிட்டு நிக்கிறது தெரிஞ்சிச்சி."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். சோற்றுச் சட்டியின் மூடியைத் தானே திறந்தார். அன்று மிருகக்காட்சிசாலையில் அரை மணித்தியாலம் குறைந்தது. யாரும் கேட்கவில்லை.

இப்போது ரூட் எழுதும்போது ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே, அந்த நேரம் பஸ்ஸுக்குள் இருக்கப்போவது யார் என்றும் எழுதுகிறேன். அங்கே ஒரு பெயராவது விழுந்தால் ரூட்டைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.