தீர்த்தம் குடித்த கார்

புதுக் காருக்குக் கோயிலில் பூசை போட்டபோது, எலுமிச்சம்பழத்தை நசுக்கியதோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து, "உள்ளேயும் கொஞ்சம் ஊத்துங்க சாமி" என்றார். பூசாரியும் செம்பிலிருந்த தீர்த்தத்தை அப்படியே கவிழ்த்தார். வீடு திரும்பும் வழியில், ஆயர் ஈத்தாம் சந்தை முன்னால் கார் இருமி இருமி நின்றுவிட்டது.

சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பி, டேங்கிலிருந்து எடுத்ததைப் போத்தலில் பிடித்துக் காட்டினார். "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குக்கா. இதுக்கு வாரண்டி கிடைக்காதுலா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தண்ணியா? அது அம்மன் தீர்த்தம்!"

தம்பி பதறிப்போய்க் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார். போத்தலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு சொட்டைத் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்கக்கா," என்றார், பெட்ரோல் வாடையோடு. "தீர்த்தத்துக்கும் வாரண்டி இல்ல."