அப்பாவின் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு

அப்பாவின் சிறுநீரகங்கள் பழுதாகிக்கொண்டிருந்தன. ஏன் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, ஊசியால் ஒரு சின்னத் துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் என்ன நோய் என்று சொல்லலாம் என்றார் டாக்டர். நோய் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது, இப்படியே விட்டால் டயாலிசிஸ்தான் என்றும் சொன்னார். அவர் ஜெர்மன் மொழியில் சொன்னதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். ஊசியை நானே குத்தப்போவதுபோல அப்பா என்னை முறைத்தார்.

அதற்குப் பிறகு ஹம்பேர்க்கில் இருக்கிற சொந்தக்காரர் எல்லோரும் சிறுநீரக நிபுணர் ஆகிவிட்டார்கள். குத்தினால் ஓட்டை விழுமாம், இருப்பதும் போய்விடுமாம். ஆஸ்பத்திரி குறித்துத் தந்த டெர்மினை, அந்த நாளை, அப்பா தள்ளித் தள்ளிப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஒருவழியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்தேன். இரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று டாக்டர் கேட்டார்.

"பிரஷர் குளிசை மட்டும்தான்," என்றார் அப்பா.

"நோவுக்கு ஒண்டும் போடுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"முழங்காலுக்கு மாமி ஊரிலயிருந்து குடுத்துவிடுற குளிசை. அது மருந்தில்லைப் பிள்ளை. இஞ்சத்தை டாக்டர் எழுதித் தாறதுதானே மருந்து."

அந்த வலி மாத்திரையை வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறார். அன்று காலையிலும் போட்டிருந்தார். அதுவும் இரத்தத்தை உறையவிடாதாம்; துணுக்கு எடுக்கிற பயாப்சி அன்று நடக்கவில்லை.

குளிசையை நிறுத்தி, மறுபடி போனோம். குப்புறப் படுத்து, மூச்சை அடக்கச் சொன்னபோது அடக்கினார். முடிந்ததும், "இவ்வளவுதானோ?" என்றார். இவ்வளவுதான். இதற்குத்தான் அத்தனை மாதம் மல்லுக்கட்டினேன்.

முடிவு வந்தது. நோக் குளிசைகளால் வந்த அழற்சியாம். மருந்து கொடுத்தால் கொஞ்சம் தேறும். தழும்பாகிப்போன பகுதி இனித் திரும்பாது, முதலே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். மொழிபெயர்க்கும்போது ஒரு சொல்லையும் நான் குறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்சக் குளிசைகளைக் குப்பையில் போடத் தேடினேன். காணவில்லை.

"கீழ் வீட்டு அண்ணைக்குக் குடுத்திட்டன்," என்றார் அப்பா. "நிப்பாட்டச் சொன்ன அண்டைக்கே. அவருக்கும் முழங்கால் நோ. மாமி ஆள் பிடிச்சுக் குடுத்துவிட்டதை எறிய ஏலுமோ?"

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழே ஓடினேன். அந்த அண்ணையின் மனைவிதான் கதவைத் திறந்தார்.

"வாங்கோ பிள்ளை. இவருக்கு இப்ப நோ துப்பரவா இல்லை. குளிசை முடிஞ்சுது. மாமியிட்டைச் சொல்லி இன்னும் கொஞ்சம் எடுப்பிக்கலாமோ?"