சாம்பிராணிப் பனி

இன்று நெல்லித்தோப்பு நாட்டு மருந்துக் கடையில் சாம்பிராணி கேட்டேன்.

கடைக்கார அக்கா, நான் கேட்காமலேயே வசம்பும் சேர்த்துப் பொட்டலம் கட்டினார். "கொழந்தைக்கு எத்தினி மாசம் தம்பி?"

"கொழந்த இல்லக்கா. 1930ல இருந்த பாண்டிச்சேரித் தெரு ஒண்ண அட்டையில செஞ்சிருக்கேன். அதுல பனி எறங்குற மாதிரி வீடியோ எடுக்கப் புகை வேணும்."

போனில் தெருவைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"தெருவுல ஒரு ஆளுகூட இல்லியே. வூட்ல யார்லாம் இருக்கீங்க?"

"நான் மட்டுந்தான்."

பொட்டலத்தைப் பிரித்து வசம்பை வெளியே எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும் தம்பி. அது கெடாது."

படம் நன்றாகவே வந்தது. இப்போது வீடு முழுக்கக் குழந்தையைக் குளிப்பாட்டிய வாசம்.

பக்கத்து வீட்டார் குழந்தையைப் பார்க்க வந்தால் எதைக் காட்டுவது? யாராவது சொல்லுங்கள்.