ஜப்பான் கார், ஒன்னும் ஆகாது

அந்தக் கார் கம்பெனியின் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

என் பழைய காரைத் தங்கச்சிக்குக் கொடுத்தபோது, கிள்ளான் கோயிலில் பூஜை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். காரின் பதிவை மட்டும் என் பெயரிலிருந்து மாற்றவில்லை.

"ஒருதடவ செக் பண்ணிடலாமா அண்ணே?" என்றாள்.

"ஜப்பான் கார் லா! அப்பா டாக்சி ஓட்டினதே இந்தக் கம்பெனி கார்லதான். ஒருநாள் நடுரோட்ல நின்னிருக்கா? ஒன்னும் ஆகாது!" என்று எரிந்து விழுந்தேன்.

பிறகு கம்பெனியிலிருந்து என் பெயருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. சர்வீஸ் விளம்பரம் என்று பிரிக்காமலே டிராயரில் போட்டேன்.

போன மாதம் பெட்டாலிங் ஜெயா நெரிசலில், முன்னால் நின்ற லோரியில் இடித்துவிட்டாள். பெரிய இடி இல்லை. ஆனால் ஏர்பேக் வெடித்துத் தெறித்த இரும்புத்துண்டு அவள் வலது கண்ணைக் குத்திவிட்டது. அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராதாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கடிதங்களைப் பிரித்தேன். ஏர்பேக்கில் கோளாறு, உடனே கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்.

இப்படி ஒன்றைச் செய்து விற்றவர்களை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. தங்கச்சியும் கொதிக்கிறாள்: "அவனுங்கள விடக்கூடாது அண்ணே! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கடிதங்கள் இன்னும் என் டிராயரில்தான் இருக்கின்றன.