பச்சைக் குடத்தின் முறை

தூத்துக்குடியில் எங்கள் தெருக்குழாயில் வெள்ளியும் ஞாயிறும்தான் தண்ணீர் வரும். இரண்டும் சாமி கும்பிடும் நாட்கள். அதைப் பற்றி நகராட்சிக்குக் கவலை இல்லை; தெருவுக்கும் இல்லை. முந்தின நாளே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தால் எங்கள் குடத்தை யாராவது நிரப்பி ஓரமாக வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அத்தை மாதா கோயில் பூசைக்குப் போனால் அவருடைய பச்சைக் குடத்துக்கும் அதே மரியாதை. பெரும்பாலும் நிரப்புகிறவர் நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் கடைசி வீட்டு முஸ்லிம் அக்கா. கோலத்தை மிதித்த ஒரு கோழிக்காக இதே பெண்கள் வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. அப்போதும் குடங்கள் நிரம்பின.

எனக்குப் பத்து வயது. ஒன்றுக்கும் உதவாதவள் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அதை மறுக்க இன்றுவரை எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு அம்மா காய்ச்சலில் படுத்துவிட, நான் குழாயடிக்குப் போனேன். எங்கள் குடங்கள் நிரம்பின. லாத்தா தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார். வரிசையில் மிச்சம் பச்சைக் குடம் மட்டும். தண்ணீர் நூலாக மெலிந்துகொண்டிருந்தது. பச்சைக் குடத்தை நகர்த்திவிட்டு, வீட்டிலிருந்து இன்னொரு குடத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அது நிரம்பவும் தண்ணீர் நிற்கவும் சரியாக இருந்தது.

அத்தை பூசை முடிந்து வந்தார்.

"ஏளா, என் குடத்துல தண்ணி விழலியா?"

"லாத்தா இன்னொரு குடம் பிடிச்சாவ."

பள்ளிக்கூடக் கட்டுரைகூட எனக்கு அவ்வளவு சரளமாக வந்ததில்லை.

"பிள்ளைக்காரி, தேவையா இருந்திருக்கும்" என்று காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

வீட்டில் ஒரு குடம் அதிகமாக இருப்பதை அம்மா பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அந்தத் தண்ணீரில்தான் அன்று சோறு பொங்கினோம்.

அடுத்த ஞாயிறு பச்சைக் குடத்தின் பக்கத்தில் அத்தையின் மகள் நின்றாள்.

"நீ பூசைக்குப் போகலியா? நான்தான் இங்கன இருக்கேம்லா" என்றார் லாத்தா.

"அம்மா நிக்கச் சொன்னாவ."

லாத்தா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் அடுத்தவர் குடத்தைத் தொடவில்லை. இப்போதும் ஊருக்குப் போனால் அவர் வீட்டு வாசலைக் குனிந்த தலையோடுதான் கடக்கிறேன்.

ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு குடத்துக்கும் ஓர் ஆள் காவல். விளையாட ஆள் சேர்ந்ததென்று எனக்குக் கொண்டாட்டம். அம்மாவும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டுக் குழாயடியில் வந்து நின்றாள். அவளுக்குச் சாமிமேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.